பதினோரு வெள்ளிக்கிழமை

வேலங்குறிச்சி நாட்டாமை தங்கசாமிக்கு எழுபத்தொரு வயதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பேச ஆள் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த புண்ணியவதி மாதிரிதான் முப்பிடாதி நோட்டும் பேனாவுமாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். புண்ணியமாவது ஒன்றாவது! அவள் பழி வாங்க வந்தவள். ஊர் கூடி நிற்கிற இடத்தில் அந்த மனுசன் வாயாலேயே "நான் செய்தது தப்பு" என்று சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் பதினாறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

அப்படி என்ன தப்பு என்று கேட்பீர்கள். இலத்தூருக்கு மேற்கே வேலங்குறிச்சி. அறுபது வீடு, ஒரு குளம், ஒரு சுடலைமாடன் கோயில். 1950-இல் குளத்தில் தண்ணீர் குறைவு. ஒரு நாள் விடிந்து பார்த்தால் மடை திறந்து கிடக்கிறது, தண்ணீர் பூராவும் நாட்டாமை வயலில் நிற்கிறது. தாசில்தார் விசாரிக்க வந்தார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. முப்பிடாதியின் அப்பா சொரிமுத்து ஒருத்தர்தான், "நாட்டாமை ஆளுவ தொறந்ததை நான் பாத்தேன் சாமி" என்றார். உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் கூட்டம். தங்கசாமி திருநீற்றைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றார். "பொய்ச்சாட்சி சொன்ன சொரிமுத்து வீட்டுக்கு இன்னையிலேருந்து தீ கிடையாது, தண்ணி கிடையாது, பேச்சு கிடையாது. அந்த வீட்டு ஆளுககிட்ட எவன் பேசுதானோ அவனுக்கும் இதே கட்டுதான். ஏன், நானே பேசுனாலும் எனக்கும் இதுதாம்லே!" என்றார். கூட்டம் அப்படியே தலையை ஆட்டியது. பன்னிரண்டு வயது முப்பிடாதி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அந்த ஐப்பசியில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து வீட்டுப் பேராச்சி, அம்மாவோடு ஒரே உரலில் மாவு இடித்தவள், ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுப் போன பிள்ளையைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். அம்மா ஒன்பதாம் நாள் போய்விட்டாள். தூக்க நாலு ஆள் வேண்டி அப்பா அறுபது வீட்டு வாசலிலும் நின்றார். ஒரு பயல் வெளியே வரவில்லை. கடைசியில் இலத்தூரிலிருந்து ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து வந்து அதில் அம்மாவைக் கிடத்தினார். சுடுகாட்டுச் சேற்றில் சக்கரம் புதைந்தபோது பின்னால் நின்று தள்ளியது முப்பிடாதிதான். பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் அங்கே கிடையாதாம். வழக்கமாம் வழக்கம்! தூக்க ஆளில்லாத வீட்டுக்கு என்ன பெரிய வழக்கம்?

அப்பனும் மகளும் பட்டணத்துக்கு ரயில் ஏறினார்கள். ஒரு பெண்கள் விடுதியில் அப்பாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. மகள் படித்தாள், மேலே மேலே படித்தாள். அப்பா மட்டும் சோறு உண்ணும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "ஊர்ல நம்ம கட்டை அவுத்துட்டாங்களான்னு தெரியலியே பிள்ள" என்பார். 1959-இல் சாகிற அன்றைக்கும் அதையேதான் கேட்டார். யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டும் என்ற நினைப்புகூட அந்த ஊரில் எவனுக்கும் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வாய்த்த பேராசிரியர் பெரிய ஆள். சீமைக்குப் போய்ப் படித்தவர். "தனிமை என்பது நகரத்துச் சரக்கு. கிராமத்தில் ஒருவன் தனியாக இருக்கவே முடியாது, ஊர் அவனைத் தாங்கிக்கொள்ளும்" என்று வகுப்பில் சொல்லுவார். முப்பிடாதிக்கு வயிறு எரியும். ஊர் தாங்குகிற லட்சணத்தை வண்டிச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தவளிடமா சொல்லுகிறார்? ஒரு நாள் எழுந்து நின்று, "சார், நான் அதை ஆராய்ச்சி பண்ணுதேன்" என்றாள். பட்டணத்தில் கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்காமல் சம்மதித்தார், அது வரைக்கும் நல்ல மனுசன்.

1966 வைகாசித் தொடக்கத்தில் தென்காசியில் வந்து இறங்கினாள். நெசவுக்காரர் தெருவில் ஹாஜரா பீவி வீட்டு மாடியில் ஒரு அறை. ஹாஜரா பீவியின் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. முப்பிடாதியின் கேள்விப் பாரத்தில் முதல் பேட்டி அந்த அம்மாளுடையதுதான். 'கடந்த ஏழு நாளில் உங்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் யார் யார்?' என்று கேட்டதற்கு, "தறிச் சத்தத்துக்கு மேல கத்துறது பேச்சுல சேத்தியா, ஏட்டி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். முப்பிடாதி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். தென்காசி, ஆய்க்குடி, இலத்தூர் என்று நடையாய் நடந்து ஒரு மாதத்தில் நூற்றிருபது பேரைப் பார்த்துவிட்டாள். வேலங்குறிச்சிப் பக்கம் மட்டும் போகவில்லை.

போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற உச்சிமாகாளியைப் பேட்டி எடுக்கப் போனாள். நாளைக்கு நாற்பது உடம்பைத் தொடுகிறவன் ஊராரைப் பற்றி என்ன சொல்லுவான் என்று பார்க்க ஆசை. அவன் பேச்சோடு பேச்சாக, "மேலத்தெரு லாட்ஜில ஒரு பெரியவரு சீசன் பூரா தங்குதாருக்கா. தினமும் என்கிட்ட எண்ணெ தேய்ப்பாரு. அவருக்கு உடம்பு வலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தேய்க்கும்போது நான் பேசுவேம்லா, அதுக்காக வருதாரு" என்றான். யார் அவர் என்று கேட்டாள். "வேலங்குறிச்சி நாட்டாமைக்கா" என்றான். முப்பிடாதியின் பேனா பேப்பரில் குத்தி மை பரவியது.

அடுத்த வெள்ளிக்கிழமை லாட்ஜுக்குப் போனாள். அன்றைக்குக் கோட்டைச் சுவர் மாதிரி இருந்த ஆள் இப்போது காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தார். மனைவி இல்லை. மூத்தவன் கோயமுத்தூரில் போலீஸ், இளையவன் பட்டாளத்தில். பொங்கலுக்கு ஆளுக்கொரு கடுதாசி வரும். பேரைச் சொன்னாள். முப்பிடாதி என்றால் அந்தச் சீமையில் வீட்டுக்கு ஒருத்தி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்ன ஆராய்ச்சி பிள்ள?"

"தனிமை பத்தி, அண்ணாச்சி. வாராவாரம் வந்து கேக்கணும். உங்களுக்குச் சிரமமா இருக்குமோ?"

"சிரமமா!" என்று நாற்காலியை அவரே துடைத்துப் போட்டார்.

பாரத்தின் அடியில் அவள் ஒரு கட்டம் சேர்த்திருந்தாள். 'இன்று நான் வேலங்குறிச்சி சொரிமுத்து மகள் முப்பிடாதியோடு பேசினேன்' என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். மறைக்கவில்லை, சுருக்கவில்லை, தென்காசி அச்சாபீசில் கொட்டை எழுத்தில் போடச் சொன்னது. தங்கசாமி கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுக்கவே இல்லை. நாற்பது வருஷம் கணக்குப்பிள்ளை எழுதி நீட்டுவான், இவர் வாசிக்காமல் போடுவார், அதுதான் நாட்டாமைத்தனம். பேனாவை வாங்கி, சுழித்துச் சுழித்துப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

அதிலிருந்து வெள்ளி தவறாமல் போனாள். வேலங்குறிச்சியில் அவர் தெருவில் நடந்தால் துண்டை இறக்குவார்கள், பேச்சை நிறுத்துவார்கள், அவர் தாண்டினதும் திரும்பவும் பேசுவார்கள். பத்து வருஷமாக அவர் காதில் விழுந்ததெல்லாம் "சரிங்க அண்ணாச்சி" மட்டும்தான். இதை மூன்றாவது வாரம் அவரே சொன்னார். ஐந்தாவது வாரம் செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். 'உங்களுக்கு நோய் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?' என்று ஆறாவது வாரம் பாரத்தில் ஒரு கேள்வி. அவர் "நீ வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வருவியோ?" என்றார்.

போகும்போதெல்லாம் மங்குஸ்தான் பழம் வாங்கி வைத்திருப்பார். தோலை உடைத்து நீட்டுவார். முப்பிடாதி அவர் கையால் எதையும் வாயில் போடமாட்டாள். பையில் போட்டு வந்து ஹாஜரா பீவியிடம் கொடுப்பாள்.

"பழம் என்னட்டி பாவம் செஞ்சுது?" என்று ஹாஜரா பீவி சுளையை வாயில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் பாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேரை அச்சடிச்சே நீட்டுதியே, படிச்சுட்டாருன்னா?" என்று கேட்டாள்.

"படிச்சா அன்னைக்கே முடிஞ்சுது. படிக்கமாட்டாரு."

"இதை ஆராய்ச்சிங்குதியா, பழிங்குதியா?"

"ரெண்டுந்தான் அக்கா."

"அந்தக் கிழவரு உன்னைப் பாக்கதுக்காக வாரம் பூரா காத்துக் கிடக்காரு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் முப்பிடாதி. தெரியாமல் என்ன? அதைத்தானே வாராவாரம் எழுதிக்கொண்டு வருகிறாள்.

மனசு இளகியதே இல்லை என்று சொன்னால் பொய். எட்டாவது வாரம் மழையில் நனைந்து போனபோது அவர் தன் துண்டை எடுத்து நீட்டி, "தலையத் துவட்டு பிள்ள, காய்ச்சல் வந்துரும்" என்றார். காய்ச்சல் என்ற அந்தச் சொல் அவரிடமிருந்து வந்ததும் அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். ஒருவேளை இந்த ஆளுக்கு உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருக்குமோ என்று அந்த வாரம் பூரா நினைத்தாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒன்பதாவது வாரம் பாரத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஊர்ல யாரையாவது ஒதுக்கி வச்சது உண்டா?"

"உண்டு, உண்டு. நாட்டாமைன்னா அதெல்லாம் இருக்கும்."

"யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் மங்குஸ்தானை உடைத்துக்கொண்டே யோசித்தார். "நாலஞ்சு வீடு இருக்கும். பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்தா, நீ பழம் தின்னு."

எழுந்து வந்துவிட்டாள். நேரே அருவிக்குப் போய், பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் சேலையோடு தலையைக் கொடுத்து நின்று வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? என் அம்மா பேர் வேண்டாம், அப்பா பேர்கூடவா இந்தப் பாவிக்கு நினைவில்லை! பதினாறு வருஷம் நான் தினமும் இவரை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், இவர் ஒரு நாள்கூட எங்களை நினைக்கவில்லையா? நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு கரையேறியபோது இளக்கமெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது.

இன்னும் இரண்டு வெள்ளி போனாள். பதினோரு பாரம், பதினோரு கையெழுத்து. ஆவணியில் வேலங்குறிச்சிச் சுடலைமாடன் கோயிலில் கொடைத் திருவிழா. நாட்டாமைக்குத்தான் முதல் மரியாதை. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டினால்தான் மதியப் படையலுக்குத் திரை விலகும். "நீயும் கொடைக்கு வா பிள்ள, எல்லாத்தையும் காட்டுதேன்" என்று அவரே கூப்பிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கொடை அன்று மதியம், மேளம் உச்சத்தில் இருக்கையில், பூசாரி பரிவட்டத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தங்கசாமியை நோக்கி வந்தபோது, முப்பிடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். மேளக்காரன் குழம்பிப்போய் நிறுத்தினான். தங்கசாமி முகம் மலர்ந்தது. "வந்துட்டியா பிள்ள!" என்றார் எல்லோருக்கும் கேட்க.

"நான் சொரிமுத்து மக" என்றாள் முப்பிடாதி. "மடை வழக்குல உள்ளதைச் சொன்ன சொரிமுத்து. எங்க வீட்டுக்கு இந்த இடத்துல வச்சுத்தான் கட்டு போட்டிய. எங்கம்மாவைத் தூக்க ஒருத்தன் வரலை. அந்தக் கட்டை இன்னைய வரைக்கும் யாரும் அவுக்கலை. எங்ககிட்ட பேசுனவனுக்கும் அதே கட்டுன்னு நாட்டாமை சொன்னாரு, நான் பேசுனாலும் எனக்கும் இதுதான்னாரு. கேட்டவங்க இங்கன இருக்கியளா இல்லையா?"

வயசான தலைகள் குனிந்தன. அவள் பதினோரு பாரத்தையும் தூக்கிக் காட்டினாள். "பதினோரு வெள்ளிக்கிழமை என்கிட்ட பேசியிருக்காரு. கையெழுத்துப் போட்டிருக்காரு."

முதலில் பாய்ந்து வந்து பாரத்தைப் பிடுங்கியவர் வல்லிநாயகம். இரண்டாம் மரியாதைக்காரர். இருபது வருஷமாகப் பரிவட்டத்துக்குத் தலையைத் தடவிக்கொண்டு காத்திருக்கிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வில்லுப்பாட்டுக்காரன் தோற்றான் போங்கள், ஒவ்வொரு பாரமாக உரக்க வாசித்தார். "இன்று நான் வேலங்குறிச்சி சொரிமுத்து மகள் முப்பிடாதியோடு பேசினேன். ஒப்பம், தங்கசாமி!" பதினோரு தடவை. பூசாரி பரிவட்டத்தோடு இரண்டு எட்டு பின்வாங்கினார்.

"அண்ணாச்சி, சாமி முன்னால திருநீறு தொட்டுச் சொன்ன சொல்லு" என்றார் வல்லிநாயகம், தேன் வழிய. "ஒண்ணு அந்தக் கட்டு தப்புன்னு சொல்லணும். இல்லேன்னா கட்டு உங்களுக்கும் உண்டு. என்ன சொல்லுதிய?"

முப்பிடாதி ஓர் அடி முன்னால் வந்தாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் அத்தனையும். அந்த ஆள் முறைப்பார், கத்துவார், கெஞ்சுவார், கடைசியில் உடைந்து விழுவார் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

தங்கசாமி ஒன்றும் செய்யவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொரிமுத்து மகளா நீ?" என்றார் மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்து, சந்தையில் விலை சொல்லுகிற மாதிரி, "சொரிமுத்து பொய் சொல்லலைலே. மடையைத் தொறக்கச் சொன்னது நாந்தான். கட்டு போட்டது தப்பு. அவுத்தாச்சு. பரிவட்டத்தை வல்லிநாயகத்துக்கே கட்டுங்க" என்றார்.

அவ்வளவுதானா! பதினாறு வருஷம் சுமந்ததை இந்த மனுசன் துண்டை உதறுகிற மாதிரி உதறிவிட்டாரே!

அப்போதுதான் அவர் இரண்டடி கிட்டே வந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன் பிள்ள. காலுல விழணும்னாலும் விழுதேன். வெள்ளிக்கிழமை வருவேல்லா?"

முப்பிடாதி அவர் முகத்தைப் பார்த்தாள். பரிவட்டம் போனது அவருக்கு வலிக்கவில்லை. ஊர் பார்த்தது வலிக்கவில்லை. இருநூறு பேரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவளுக்கு, எங்கே வலிக்கும் என்று அந்தக் கண்ணில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாதா?

பதில் சொல்ல வாயெடுத்தாள். வரமாட்டேன் என்று சொல்லத்தான். சொன்னால் அதுவும் ஒரு பேச்சுத்தானே? வாயை மூடிக்கொண்டாள். பாரங்களை வல்லிநாயகம் கையிலிருந்து வாங்கி அடுக்கிப் பையில் வைத்தாள், திரும்பி நடந்தாள்.

"ஏ பிள்ள! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ பிள்ள!"

வழியில் பேராச்சி ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்து மறித்தாள். தலை நரைத்திருந்தது. "குடி தாயி, குடிச்சிட்டுப் போ."

"பதினாறு வருஷம் பிந்திட்டு அத்தை" என்றாள் முப்பிடாதி. அவளிடம் பேசினாள், அந்த வார்த்தையாவது அவளுக்குக் கிடைத்தது. பின்னால் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்த குரலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. சுடுகாட்டுப் பாதை முக்கில் ஒரு நிமிஷம் நின்றாள், அம்மாவை நினைத்துக் கும்பிட்டாள், இலத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

அடுத்த வருஷம் சாரல் முடிகிற நேரத்தில் பட்டணத்துக்கு உச்சிமாகாளியின் கடுதாசி ஒன்று வந்தது. யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தான். 'அக்காவுக்கு வணக்கம். நாட்டாமை அண்ணாச்சி இந்த சீசனும் அதே ரூமில் இருக்கிறார். எண்ணெய் தேய்க்க வருவதில்லை. வெள்ளிக்கிழமையானால் காலையிலேயே குளித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். நான் பேசினாலும் பதில் இல்லை. நீங்கள் வரவேண்டாம், ஒரு கார்டாவது போடுங்கள் அக்கா.'

முப்பிடாதி இரண்டு தரம் வாசித்தாள். ஆராய்ச்சியின் கடைசி அட்டவணை மேசை மேல் விரித்துக் கிடந்தது. பேட்டி எண் நூற்றிருபத்திரண்டு, ஆண், வயது எழுபத்திரண்டு, குற்றாலம். 'உட்கார்ந்து பேச வருபவர்கள்' என்ற கட்டம் ஒரு வருஷமாகக் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, 'யாரும் இல்லை' என்று நன்றாக அழுத்தி எழுதினாள். கடுதாசியை மடித்து அந்தப் பதினோரு பாரங்களோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். கார்டு போடவில்லை.